உள்ளங்கையில் ஒரு கரண்டி சாம்பார்

ஜூலை 8, செவ்வாய்
தூறல். துணி காயவில்லை. இருமல் இல்லை, நேற்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருமலுக்குக் கொடுத்த சோதனை மருந்து வேலை செய்கிறது. யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்று டாக்டருக்கே தெரியாதாம். எனக்குத் தெரியும். சில நாளாக நாக்கில் உப்பு, புளி எதுவும் ஏறவில்லை. ஆக, நிஜம்.

படித்தது (பழைய புத்தகக் கடை மருந்தியல், மீதி போனில்): தொண்டை எரிச்சல்பட்டால் செல்களிலிருந்து ஏடிபி என்ற ரசாயனம் கசியும். நரம்பின் மேல் பி2எக்ஸ்3 என்று ஓர் ஏற்பி. அதில் ஏடிபி ஒட்டினால் வாசல் திறக்கும், இருமல். மருந்து அந்த வாசலை அடைக்கிறது. ஆனால் ருசிக்கும் ஏடிபிதான் தூது. நாக்கு நரம்பில் பி2எக்ஸ்3, பங்காளி பி2எக்ஸ்2-வோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பங்காளியைத் தொடாமல் விடும் மருந்தும் உண்டாம். எனக்கு வாய்த்தது முரட்டு ரகம்.

யாரிடமும் சொல்லப் போவதில்லை. நான் ருசி பார்த்த பிறகுதான் இந்த வீட்டில் மற்றவர்களுக்குப் பரிமாறுவது. மனைவி உயிரோடு இருந்த காலத்து வழக்கம். அடுப்படி வாசலில் கை நீட்டுவேன். மருமகள் ரேவதி உள்ளங்கையில் ஒரு கரண்டி விடுவாள். மற்றபடி என்னிடம் யார் என்ன கேட்கிறார்கள்?

ஜூலை 10, வியாழன்
வெயில். ஆஸ்பத்திரி. சின்ன டாக்டரம்மா, ருசி நன்றாகத் தெரிகிறதா என்று கன்னடத்தில்: "ருசி சென்னாகி கொத்தாகுத்தா, அங்கிள்?" தெரிகிறது என்றேன். இல்லை என்றால் மருந்தை நிறுத்துவார்கள். அப்புறம் இருமல் திரும்பும், பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் எழுந்து போவான். மகன் முரளி மறுபடி என் டம்ளரை ஜன்னலோரம் தனியாக வைப்பான்.

ஜூலை 11, வெள்ளி
மேகம். முருங்கைக்காய் சாம்பார். மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பெருங்காயம், வெந்தயம் தெரியும். அதை வைத்தே ஓட்டுகிறேன்.

"புளி தூக்கல். கொட்டிட்டு வேற வை."

"மாமா, கம்பெனி பஸ் வந்துடும்."

"உங்க அம்மா வீட்ல இதை மாட்டுக்குத்தான் வைப்பாங்க."

கழுத்தில் கம்பெனி அட்டையோடு மறுபடி பருப்பு வேகவைத்தாள். பொம்மசந்திரா பஸ் போய்விட்டது. அழுதுகொண்டே தாளித்தாள். அழட்டும். புளி தூக்கலா இல்லையா, எனக்கென்ன தெரியும். குறை சொல்லாவிட்டால் சந்தேகம் வரும்.

ஜூலை 13, ஞாயிறு
விடாத மழை. எல்லோரும் வீட்டில். கை நீட்டினேன், விட்டாள்.

"உப்பு கரிக்குது."

ரேவதி சிரித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் எதிரில் சிரித்ததில்லை. "ஏங்க, நீங்க கொஞ்சம் கை நீட்டுங்க."

முரளி நக்கிப் பார்த்தான். "உப்பே இல்லையே."

"போடல. அன்னிக்கு மாமா கொட்டச் சொன்னாரே, அதை டப்பால போட்டு டவுன் பஸ்ல கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனேன். ஆளாளுக்குக் கேட்டு வாங்கித் தின்னாங்க. அதான் இன்னிக்கு இப்படிப் பாத்தேன்."

"அந்த மருந்துதான் நாக்கைக் கெடுத்திருக்கும். டாக்டர்கிட்ட சொல்லணும்ப்பா," முரளி.

"வேணாங்க. மாமா இருமாம இருக்கட்டும், வீடு அமைதியா இருக்கு. ருசி இனிமே நான் பாத்துக்கறேன்."

என் கிண்ணத்தை முதலில் நிரப்பினாள். அப்புறம்தான் பாத்திரத்தில் உப்பு. "நாக்கு இல்லாதவருக்கு எதுக்கு வீணா?" தன் உள்ளங்கையில் விட்டு, நக்கி, தலையாட்டினாள். பரிமாறினாள். முரளி குனிந்து தின்றான். நானும் தின்றேன்.

ஜூலை 15, செவ்வாய்
குளிர்காற்று. ஞாயிறு மதியத்திலிருந்து மாத்திரை சாக்கடைக்கு. இன்று காபி கசந்தது. உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. கூடவே இருமல். அடைத்தபோது தொண்டை, நாக்கு இரண்டு வாசலும் சேர்ந்து அடைத்தது, திறந்தபோதும் சேர்ந்து.

அடுப்படி வாசலில் கை நீட்டினேன். "நாக்கு வந்துடுச்சு. ஊத்து." அதற்குள் இருமல் பிடித்து ஆளையே வளைத்தது.

ரேவதி தன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். "தள்ளி நின்னு இருமுங்க மாமா. சாம்பார்ல தெறிக்கும்."

முரளி என் டம்ளரை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தான். கம்பெனி பஸ் ஹாரன். அவள் செருப்பு மாட்டிக் கிளம்பிய பிறகும் நான் கையை இறக்கவில்லை.