எள் தூவாத சின்ன உருண்டை

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் காலி செய்த மாடி வீட்டுக்கு நாங்கள்தான் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்காரரிடம் கெஞ்சி உங்கள் முகவரி வாங்கினேன். நீங்கள் விட்டுப்போன ஓவனைத் துடைத்துவைத்து ஞாயிறுதோறும் பன் சுடுகிறேன். கடை பன் கொடுத்தால் என் பத்து மாதக் குட்டிக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகிறது, வேறு வழியில்லை.

ஒரு சந்தேகம். மாவை உருட்டி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டுத் திரும்பி வந்தால், ஒரே ஒரு பன்னில் மட்டும் குழி விழுந்திருக்கிறது. சின்ன விரல் அளவு. குட்டி இன்னும் தவழ்கிறாள், மேடை எட்டாது. இவரைக் கேட்டால், "எலியா இருக்கும்" என்கிறார். "எலி விரலை வச்சா அமுக்கும்?" என்றால், "படிச்ச எலி போல" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சமையலறையில் எலி உண்டா அக்கா?

உங்கள் பழைய வீட்டில் இருப்பவள்


பிப்ரவரி 19

மாடி வீட்டுத் தங்கச்சிக்கு,

குட்டிக்கு என் முத்தம். நீ சின்னவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். அங்கே எலி இல்லை. பயப்படாமல் மேலே படி.

பேக்கரியில் வேலை பார்த்தபோது, மாவு பிசையும் மெஷின் என் ஆள்காட்டி விரல் நுனியை நகத்தோடு கொண்டுபோய்விட்டது. இந்த மொண்ணை விரலால் அமுக்கினால் பன் சப்பையாகிவிடும். அதனால் மாவு உப்பிவிட்டதா என்று விரல் வைத்துப் பார்ப்பது என் மகளின் வேலை. குழி மெதுவாக மேலே எழும்பினால், "அம்மா, ரெடி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் உன் குட்டியை ஒன்றும் செய்யமாட்டாள். தட்டின் ஓரத்தில் அவளுக்கென்று ஒரு சின்ன உருண்டை வை. எள் மட்டும் தூவாதே, அவளுக்குப் பிடிக்காது.

அக்கா


மார்ச் 2

அக்கா,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை. இதைச் சொல்லாமலா காலி செய்துகொண்டு போவீர்கள்? கைக்குழந்தையோடு ஒருத்தி வருவாள் என்று தோன்றவே இல்லையா? இவரிடம் வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டேன். "அது பாட்டுக்குச் சமையலுக்கு ஒத்தாசை பண்ணுது, உனக்கென்ன கஷ்டம்?" என்று கேலி பேசுகிறார்.

இருந்தாலும் சின்ன உருண்டை வைத்தேன். பழக்கத்தில் அதன்மேலும் எள் தூவிவிட்டேன். குட்டி அழும் சத்தம் கேட்டு உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த உருண்டைமேல் ஒரு எள்கூட இல்லை. எல்லாம் தட்டின் மூலையில் குவிந்திருந்தது, பொறுக்கி ஒதுக்கியதுபோல. குட்டி அந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டிச் சிரிக்கிறாள். இது நிற்க என்ன செய்ய வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்.

குட்டியின் அம்மா


மார்ச் 10

தங்கச்சி,

நீ கோபப்படுவது நியாயம்தான். ஆனால் நான் எதையும் மறைக்கவில்லை. அவள் போன பிறகு அதே மேடையில் எத்தனையோ ஞாயிறு மாவு பிசைந்து மூடிவைத்துக் காத்திருந்தேன். ஒரு குழி விழவில்லை. அது தாங்காமல்தான் காலி செய்தேன். எனக்கு வராதவள் உன் குட்டிக்குத் துணையாக வந்திருக்கிறாள்.

இது நிற்க வேண்டுமென்றால் பன் சுடுவதை விட்டுவிடு. மேடையருகே நின்று பார்த்துவிட்டு, பசியோடு போய்விடுவாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு நான் வரட்டுமா? எனக்கு இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது. "மாடிப்படி பக்கமே போகக் கூடாது" என்று மகன் அதட்டுகிறான். அவனுக்குத் தெரியாமல் வருவேன். அன்றைக்குத் துணியை நான் எடுக்கிறேன்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வாருங்கள் என்று நான் எழுதிய கடிதம் கிடைத்ததா? வீடு தேடுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பசியோடு போய்விடுவாள் என்று எழுதினீர்களே, அதன் பிறகு எனக்கே சோறு இறங்கவில்லை.

ஞாயிறு முழுக்கப் படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் நடுவில் உட்கார்ந்து ஏற, படி திரும்பும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தேன். நீங்கள் வரவில்லை. மாவு புளித்துவிடுமே என்று துணியை நானே எடுத்தேன்.

சின்ன உருண்டையில் அதே குழி. அதை ஒட்டியே இன்னொரு குழி, அகலமாக, மொண்ணையாக. நகம் பட்ட கோடு இல்லை. உருண்டை சப்பையாகிக் கிடந்தது. இவரும் எட்டிப் பார்த்தார். கேலி பேசவில்லை.

பஸ் கிடைக்கவில்லையா அக்கா? மகன் விடவில்லையா? என்மேல் கோபமென்றால் நாலு வார்த்தை திட்டியாவது எழுதுங்கள். வரும் ஞாயிறும் மாவு பிசைவேன், எள் தூவாமல் ஓரத்தில் வைப்பேன். துணியை எடுக்கும்போது சின்னக் குழி மட்டும் இருக்க வேண்டும், அக்கா. அது மட்டும் போதும்.

உங்கள் தங்கச்சி