பச்சையம்மாவுக்குக் கொடுத்த தீர்த்தம்

செப். 29, திங்கள்
காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி. காயப்போட்ட துணி தப்பியது, நான் தப்பவில்லை. போர்ச்சில் என் குட்டி நீராவி ரயில் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தேன், காலிரண்டும் வெளியே. முழங்கால்வரை நனைந்தாயிற்று.

ஞாயிறு பாய்லர் சோதனை. அதற்குள்:
– புகைக்குழாய் துலக்க (முடிந்தது. மூக்குக்குள்ளும் கரி)
– கைப்பம்புக்கு ரப்பர் வளையம்
– எஞ்சினை ஏற்றிப்போக லோரிக்காரருக்குச் சொல்ல
– உளுந்து, கடுகு

பார்சல் கொண்டுவந்த ஆள் கேட் வழியாக எட்டிப் பார்த்து, "ஆன்டி, இது பார்பிக்யூ அடுப்பா?" பதினாலு வருடத்தில் எத்தனையாவது ஆளோ. என் உயரத்துக்கு நீளம், என்னைப் போல் மூன்று மடங்கு எடை, ஆறு சக்கரம், விசில். எந்த ஊரில் இப்படி அடுப்பு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை லேபில் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரிடம் வாங்கியது. பச்சை நிறம், அதனால் பச்சையம்மா. ஆவி ஏறிவிட்டால் ஆறு பேரை வைத்து இழுப்பாள்.

பயம் அந்த நட்டில்தான். போன வருடச் சோதனையில் பாய்லரின் நெருப்பறைக்குள் ஒரு நட்டு கசிந்தது. இறுக்கி அடைத்த பிறகு, லிம் அங்கிள் ஒரு வருடம் விட்டுக்கொடுத்தார். "இன்னொரு தடவ கசிஞ்சா பாய்லர் முடிஞ்சிச்சு ஜெயா. சும்மா சும்மா அடைக்க முடியாது லா." ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்த சீனர், என்னைவிட நல்ல தமிழ். கிள்ளானுக்கு வெளியே அவருடைய செடி நர்சரியைச் சுற்றித்தான் தண்டவாளம். அவர் கையெழுத்து இல்லாமல் அதில் ஒன்றும் ஓடாது. புது பாய்லர் இந்த ஜென்மத்தில் நடக்காது. கசிந்தால் பச்சையம்மா போர்ச்சில் நிற்கும் பூந்தொட்டி.

செப். 30, செவ்வாய்
பிரிக்பீல்ட்ஸ். மூக்குக்கண்ணாடி வாங்கிவர. தெரு முழுக்க நாளைய பூஜைச் சாமான். மாலைக்கடை அக்கா, "எத்தன வண்டிக்கு?" ஒரு கார், ஒரு எஞ்சின் என்றேன். "மோட்டரா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கத் தெம்பில்லை. எஞ்சின் மாலை கார் மாலையைவிடப் பெரிது. வளையம் கிடைத்தது. உளுந்து மறந்தது.

அக். 1, புதன். ஆயுத பூஜை
மப்பு. மழை இல்லை.

வீட்டுக்காரர் விடியும் முன்பே எழுந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டார். கார், புல்வெட்டி, மிக்சி, என் ஸ்பேனர்கள். முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டிய மனிதருக்கு இதுதான் தீபாவளி. பச்சையம்மா நெற்றியில் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். பெயின்ட் போய்விடும் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். அழகாகத்தான் இருந்தாள்.

கலசத் தீர்த்தம் எனக்கு ஒரு கை, அவருக்கு ஒரு கை. நான் சுண்டலை இறக்கிவிட்டு வந்தபோது, காலிச் சொம்போடு எஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.
"என்ன?"
"ஒண்ணுமில்ல."
சுண்டலில் உப்பு கம்மி.

அக். 5, ஞாயிறு
எழுதக்கூடாது என்றிருந்தேன். எழுதாமல் தூக்கம் வராது.

முதலில் நல்ல செய்தி. நெருப்பில்லாமல் குழாய்த் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை. 135 பவுண்டு அழுத்தத்தில் இருபது நிமிடம் முள் நகரவில்லை. நட்டு காய்ந்து கிடந்தது. அழுகையே வந்தது எனக்கு.

அடுத்து நெருப்பு மூட்டி ஆவிச் சோதனை. எஞ்சின் தொட்டியிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் அடித்தேன். ஐந்து நிமிடத்தில், மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் முழுக்க நுரை. மஞ்சள் நுரை. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்றே தெரியவில்லை. அது தெரியாமல் நெருப்பு எரியக்கூடாது, பாய்லர் தீய்ந்துவிடும். புகைபோக்கி துப்பியது. லிம் அங்கிள் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பொட்டுப் பொட்டாக. முகர்ந்து பார்த்தார். "பால் வாசம் வருது லா."

நெருப்பை வாரிக் கொட்டினேன். கையெழுத்து இல்லை.

வீட்டுக்காரர் வழக்கம்போல மரநிழலில், காருக்குள், பேப்பரோடு. போய்க் கேட்டேன். "தொட்டியில கலசத் தண்ணிதான் ஊத்துனேன். கொஞ்சம் பாலு, மஞ்சத்தூளு. முப்பது வருசம் பஸ் ரேடியேட்டருல ஊத்தியிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல."

கோபம் பிடித்துக்கொண்டது எனக்கு. "பஸ் ஓட்டுனவங்களுக்கு இதப் பத்தி என்னங்க தெரியும்? பதினாலு வருசத்துல ஒரு நாளு ஏறி உக்காந்திருப்பீங்களா?"

செடிக்குத் தண்ணீர் விட்டவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேப்பரை நாலாக மடித்தார். வீடுவரை ரேடியோ போடவில்லை.

மறுசோதனை அடுத்த ஞாயிறு. உள்ளே ஒட்டிய பால் போக ஆசிட் போட்டுக் கழுவ வேண்டும். கிளம்பும் முன் லிம் அங்கிள் சொன்னது: "ஆசிட் போட்டா பழைய கறையும் சேந்து போயிடும் ஜெயா. அந்தக் கறைதான் நட்ட அடைச்சிக்கிட்டு இருக்கோ என்னவோ. மறுபடி 135 வைக்கணும்." பாஸான நட்டுக்கு இரண்டாம் பரீட்சை.

அக். 6, திங்கள்
மழை. கேக் சாமான் கடையில் சிட்ரிக் ஆசிட். "கேக்கா ஆன்டி, ஜாமா?" பாய்லர் என்றேன். அந்தப் பெண் சிரித்தாள்.

அவர் தானே காப்பி கலக்கிக் குடித்தார். எனக்கும் ஒரு கோப்பை, மூடி வைத்திருந்தது.

முதல் அலசல் மஞ்சள். இரண்டாவது பச்சை, செம்புக் கறை. நட்டைப் பார்க்கத் தைரியமில்லை.

அக். 8, புதன்
மூன்றாவது அலசல் தெளிவு. ஹோஸை அவர் பிடித்தார், கூப்பிடாமலே வந்து. தண்ணீரைப் பார்த்தபடி:

"வீட்டுல இருக்கிறவங்களுக்கெல்லாம் குடுக்கிறதுதானே. நீ குடிச்ச, நான் குடிச்சேன். அவளுக்கு மட்டும் எப்படிக் குடுக்காம விடுறது? டெஸ்ட்டு வேற."

பதினாலு வருடமாக, இந்த எஞ்சினை அவர் எனக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"பஸ்ஸப் பத்திச் சொன்னது தப்புங்க."
"ம்."
"ஏன் ஏறவே மாட்டேங்கிறீங்க?"
"ஓட்டுனவன் பின்னாடி உக்காந்தா பயம். கால் பிரேக்கத் தேடும்."

இதை இத்தனை நாள் சொன்னதில்லை. மத்தியானம் மீன் பொரித்தேன், அவருக்குப் பிடித்த கெம்போங்.

அக். 11, சனி
லோரி நாளைக் காலை எட்டுக்கு. புது வளையம் போட்டாயிற்று. உளுந்து வாங்கியாயிற்று. பயம்.

அக். 12, ஞாயிறு
வெயில். லேசான காற்று.

135. அவரும் காரிலிருந்து இறங்கி வந்து நின்றார். பன்னிரண்டாவது நிமிடத்தில் லிம் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முள் அசையவில்லை. இருபது முடிந்ததும் டிஷ்யூவால் நட்டை ஒற்றி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். காய்ந்த டிஷ்யூ. ஆவிச் சோதனையிலும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கோடு போட்டதுபோல் நின்றது. கையெழுத்து.

டிஷ்யூவை எடுத்து வந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

கைப்பையில் நான்கு சின்ன லிமாவ் எலுமிச்சை வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு, நடுச் சக்கரங்களுக்கு இரண்டு. வண்டி எடுக்கும்போது நசுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அவர் முகத்தைப் பார்க்காமல் ஆவியைத் திறந்தேன். நசுங்கியது. சாறு தண்டவாளம் முழுக்க. பச்சையம்மா நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைத்தாள். லிம் அங்கிள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லேபில் முப்பது வருடம் இருந்தவள் செய்த வேலை.

"மூடு, மூடு. வழுக்குது, முறுக்காத." அவர்தான். தொட்டிச் செடிக்கு வைத்திருந்த காய்ந்த மணலில் இரண்டு கை அள்ளிவந்து, சக்கரங்களுக்கு முன்னால் தண்டவாளத்தில் கோலம் போடுவதுபோல் இழுத்தார். "இப்ப மெதுவா எடு."

எடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

லிம் அங்கிள்: "பெரிய ரயில்லயும் இதான் லா செய்வாங்க. யாரு சொல்லிக் குடுத்தா?"
"மழையில பஸ் சேத்துல மாட்டுனா வேற என்ன பண்றது."

நிறுத்தினேன். "ஏறுங்க," என்றேன். மணல் கையை வேட்டியில் துடைத்துவிட்டு எனக்குப் பின் சீட்டில் ஏறினார். முதல் சுற்று முழுக்க என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார், வலித்தது. இரண்டாம் சுற்றில், "வளைவுல மெதுவா." மூன்றாம் சுற்றில், "விசில் அடிக்க மாட்டியா?"

அக். 13, திங்கள்
காலையிலிருந்தே தூறல். தோளில் நான்கு விரல் தடம். செய்ய:
– லிம் அங்கிள் சட்டைக்கு மஞ்சள் கறை எடுக்கும் சோப்பு
– டப்பாவில் காய்ந்த மணல், எப்போதும் எஞ்சினோடு
– கால் வைக்கும் பலகை இரண்டு அங்குலம் கீழே, அவர் முழங்கால் மடங்கவில்லை
– பின் சீட்டுக்கு மெத்தை