இரண்டாவது பட்டை

என் செல்ல மகளுக்கு,

உன் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். கடவுள் காத்தார்.

உன் குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையத்தைத் தாங்குகிற தோல் பட்டையைக் கையாலேயே தைத்து அனுப்பியிருக்கிறேன். அன்று பிரிந்துபோய் உன்னைக் கீழே தள்ளியது மிஷின் தையல்.

கடைக்காரர் நைலான் நூலை நீட்டி, "யானையைக் கட்டி இழுத்தாலும் அறாதுக்கா" என்றார். துண்டுத் தோலில் தைத்து இழுத்துப் பார்த்தேன். நூல் அறவில்லை, தோல்தான் கிழிந்தது. அதனால் லினன் நூல் வாங்கி, தேன்மெழுகு தடவி, இரண்டு ஊசியால் இருபுறமிருந்தும் தைத்தேன். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்புக்கும் கடவுள் பேரைச் சொன்னேன்.

"குதிரைக்குப் பல்லு கொட்டினாலும் உன் தையல் விடாதுடி" என்று அப்பா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏறாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா நீ?

ஜோடி கேட்டோமே, பார்சலில் ஒன்றுதானே இருக்கிறது என்று திகைக்காதே. இரண்டாவதையும் தைத்தாயிற்று. அது என் கைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து மாட்டுகிறேன். அதுவரை நீ ஒற்றைக்காலில் நின்றாலும் நடக்காது. நீ ஏறும்போது, கண்ணை மூடிக்கொண்டாவது, நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன் அம்மா