மூன்றாம் நம்பர் பிரஸ்

ஜூலை 15, செவ்வாய்

காலையில் ஃபேக்டரியில் தகடு அழுத்தும் மூன்றாம் நம்பர் பிரஸ், முருகேசன் அண்ணனின் வலது கை மேல் இறங்கியது. மூன்று விரல்கள் தகட்டோடு நசுங்கிப் போயின. சூப்பர்வைசர் ஓடிவந்து, "கைய உள்ள விடச் சொன்னது யாருய்யா?" என்று அவரையே திட்டினான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மறுபடியும் அறைந்தேன். நான்கு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள்.

சாயங்காலம் விராலிமலையில் சங்கக் கூட்டம். எங்கள் செக்‌ஷனுக்குப் பிரதிநிதி வேண்டும். வெல்டர் ஆரோக்கியம் அண்ணன் எழுந்தார்.

"இவன்தான்யா சரியான ஆளு. டிப்ளமோ படிச்சவன். மெஷினும் தெரியும், அறையவும் தெரியும்."

சிரித்துக்கொண்டே எல்லோரும் கை தூக்கினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி மெஷின் நின்று உற்பத்தி குறைகிறது என்று கத்திய சூப்பர்வைசர், அதை எடுத்துவிடச் சொன்னான். போன வாரம் அது வேலை செய்யாதபடி வயரை மாற்றி பைபாஸ் செய்தது நான்தான். ஐந்து நிமிட வேலை. யாரிடமும் சொல்லவில்லை.

பிரதிநிதியாக என் முதல் வேலை, இந்த விபத்துக்குப் புகார் எழுதுவது. உத்தரவு போட்டவன் என்று சூப்பர்வைசர் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, செய்தவன் என்று என் பெயரை எழுதிவிட்டேன். காலையில் ஆரோக்கியம் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். அவர் என்னை அறைந்தால் தடுக்க மாட்டேன்.