ரூபன் அண்ணன் கட்டாத சம்மன்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் பிரமிளா வணக்கத்துடன் எழுதுகிறேன். ஹுத்தான் மெலிந்தாங்கில் நலமா? முட்டிவலி குறைந்ததா? ஈப்போவில் சலவைக் கடை வேலை எனக்குப் பழகிவிட்டது, இந்த மாதம் சம்பளமும் கூடியிருக்கிறது.

போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பக்கத்தில் அடுத்த வீட்டு ரூபன் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடிதம்.

நீங்கள் என்னைப் பார்க்க ஈப்போ வந்தபோது உங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த சம்மன் அபராதத்தைக் கட்டுவதாக அவர் உங்களிடம் நூற்றைம்பது வெள்ளி வாங்கினார். பிறகு கோர்ட் செலவென்று எண்பது. இப்போது வசூல் கம்பெனிக்கு இருநூறு கேட்கிறார். இதுவரை ஒரு ரசீதும் தரவில்லை.

எனக்குச் சந்தேகமாக இருந்ததால் நேற்று சம்மன் கவுண்டருக்குப் போனேன். வெட்கத்தில் மூன்று பேரை முன்னே விட்டுவிட்டுத்தான் கேட்டேன். அங்கிருந்த அக்கா கணினியில் பார்த்தார்.

"ஒரு காசும் கட்டலையே லா, தங்கச்சி. நாங்க எந்தக் கம்பெனியையும் அனுப்பல. பதினெட்டாம் தேதி கோர்ட். வரலைன்னா அப்பா பேருல வாரண்ட் வந்துரும்."

பயப்படாதீர்கள் அப்பா. அன்றைக்கு லீவு கேட்டுவிட்டேன். முதல் பஸ்ஸில் வாருங்கள். சம்மன் கட்ட வேண்டும் என்று அவர் வாங்கிய உங்கள் அடையாளக் கார்டு இன்னும் அவரிடம் இருந்தால், வங்கிக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிவிடுங்கள். கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கொண்டு வாருங்கள். கோர்ட் முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டாம், மதியம் சேர்ந்து சாப்பிடலாம். மாலையிலும் பஸ் இருக்கிறது, விசாரித்து வைத்திருக்கிறேன்.

முதலாளி கூப்பிடுகிறார். மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று ரூபன் அண்ணன் கேட்டால், சம்பளம் கூடியதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். வசூல் கம்பெனிக்கு இன்னொரு ஐம்பது கூடிவிடும்.

உங்கள் மகள்,
பிரமிளா