கேட் என்று நாங்கள் பெயர் வைத்த பாட்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பளவில் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக் கழுத்து வலி இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மனசளவில் எப்படி என்று மட்டும் கேட்காதே, படபடப்பு இன்னும் அடங்கவில்லை, என் எழுத்து கோணிக்கொண்டு போவதிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனை எடுத்தாலே உன் தங்கை பாப்பா பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அதோடு இந்தப் பார்சலில் ஒரு சாமான் இருக்கிறது, அது எதற்கு என்று தெரிய வேண்டுமானால் நீ இதை முழுசும் படித்தாக வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன், பதறாமல் படி.

நம் ஹால் கம்ப்யூட்டரில் இருந்த பாட்டெல்லாம் ஒரே நாளில் காணாமல் போய்விட்டது. இதற்கா இவ்வளவு என்று சிரிக்காதே. நீ கிளம்பும் முன் சிடியிலிருந்தெல்லாம் ஏற்றி வைத்துவிட்டுப் போனாயே, அதை அப்பா இந்த ஐந்து வருஷமும் விடாமல் வளர்த்திருக்கிறார், அது இப்போது எப்படி ஓடுகிறது என்று நீ பார்த்ததில்லை. பாப்பாவுக்குக் கடிகாரம் வெறும் வட்டம், பாட்டுதான் நேரம். இருபத்தாறு வயசாகியும் அவளிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும், ஆனால் பாட்டு மாறினால் தானாக எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். எந்தப் பாட்டுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று அப்பா பார்த்துக்கொண்டே இருந்து அதையே பாட்டுக்குப் பெயராகத் தட்டிவிடுவார், பாடினது யார், எந்த மொழி என்பதெல்லாம் நம் வீட்டில் யாருக்கு வேண்டும். எழுந்திரு, பல்லு, சோப்பு, சாக்ஸ், வேன், சாயங்காலத்துக்குக் குடை, கேட், தட்டு, போர்வை, இப்படி. அந்தச் சொற்களை மட்டும் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு, தானே தொட்டுப் போட்டுக்கொள்வாள். வேன் பாட்டு முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். அவள் வேலைக்குப் போகிற அட்டைப்பெட்டி மடிக்கிற பட்டறையில் மேற்பார்வை பார்க்கிற அம்மாள் இவளைக் காட்டித்தான் மற்ற பிள்ளைகளைத் திட்டுவாராம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில், இரண்டு வாரத்துக்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் அப்டேட் பண்ணவா என்று கேட்டிருக்கிறது. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ரிட்டயர் ஆகியும் லிஃப்ட் மெக்கானிக் புத்தி போகுமா, மெஷின் வாயைத் திறந்து எண்ணெய் கேட்டா ஊத்தணும், இல்லேன்னா நடுவழியில நிக்கும் என்று சொல்லிக்கொண்டே சரி என்று அழுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சற்று நேரத்தில் பாப்பா கையில் பிரஷ்ஷோடு சமையலறைக்கு வந்து, பல்லு இல்லை என்றாள். எங்கே விழுந்து எதை உடைத்துக்கொண்டாளோ என்று அவள் வாயைப் பிளந்து பார்த்தால் எல்லாம் இருக்கிறது. கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லுமில்லை, சோப்புமில்லை, ஒன்றுமில்லை. யார் யாருடைய முகமோ, என்னென்னவோ பெயர்களோ வரிசை வரிசையாக நிற்கின்றன, பாதிக்கு மேல் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலுக்குள் நுழைந்த பிறகு இது நம்ம வீட்டுக் கல்யாணமே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி முழித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா தலை துவட்டிக்கொண்டே வந்தார். முதலில் இருந்ததைத் தட்டிப் பார்த்தார், நாங்கள் ஜென்மத்தில் கேட்டிராத ஒரு விளம்பரப் பாட்டு டமடமவென்று ஆரம்பித்தது. அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது. எவனோட பாட்டோ நம்ம வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துக்கிட்டு நம்ம பாட்டையெல்லாம் வெளிய தள்ளியிருக்கு என்றார். லிஃப்டில் ஆள் அதிகமானால் கடைசியாக ஏறினவர்களை இறக்கிவிட வேண்டுமாம், தானாகக் கதவு மூடிக்கொள்ளுமாம். கொஞ்சம் பொறுங்க, பெரியவனைக் கேட்டுக்கலாம் என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தார். அழித்ததோடு விட்டாரா, குப்பைய அள்ளினா வாசல்லயா வெச்சிருப்பாங்க என்று அந்தக் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, இப்ப வரும் பாரு என்றார். நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம். வெள்ளைத் திரை அப்படியே இருந்தது. நீ கொடுத்துவிட்டுப் போன கறுப்பு டிஸ்க்கில் நகல் இருக்குமே என்று ஓடிப் போய் எடுத்து வந்தேன், அதில் இடம் பற்றவில்லை என்று போன வருஷமே துடைத்துவிட்டுப் படங்களை ஏற்றிவிட்டாராம். அவன்கிட்ட மட்டும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் திட்டவும் தோன்றவில்லை.

அன்றைக்கு வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. பாப்பா குளியலறையில் காய்ந்த சோப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள், தண்ணீரைத் தொடவில்லை. அப்பா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சோப்புப் பாட்டைத் தானே பாடிப் பார்த்தார். அந்தக் குரலைக் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மறுநாள் சாப்பாடும் இறங்கவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது புறங்கையைக் கடித்துக்கொள்வாளே, விட்டு எத்தனையோ காலமாகிவிட்ட பழக்கம், அது திரும்பி வந்துவிட்டது. பல் பதிந்து சிவந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷமாகக் கட்டின வீடு ஒரு பொத்தானை அழுத்தினதில் இடிந்துவிட்டதே என்று வாய்விட்டே அழுதேன்.

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டு யாரைப் பார்த்தாலும் சிடுசிடுப்பாள். லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் நானும் அவளிடம் போனோம். அழிச்சதுக்கப்புறம் இதுல வேற எதையாவது ஏத்தினீங்களா என்று கேட்டாள், இல்லை என்றோம். அப்ப பிழைச்சீங்க, அழிச்சா உடனே போயிடாது, அது மேல வேற ஏதாவது வந்து உட்காருற வரைக்கும் உள்ளதான் கிடக்கும் என்றாள். சாயங்காலம் வரச் சொன்னாள், போனோம். பாட்டெல்லாம் வந்துட்டுதுன்னு நினைக்கிறேன், ஆனா நீங்க வெச்ச பேர் ஒண்ணும் வரலை, கேட்டுப் பாருங்க என்று ஒன்றை ஓடவிட்டாள். அப்பா ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்து, சாக்ஸ், இது எங்க சாக்ஸ் என்று கத்தினார், கடையில் இருந்தவர்கள் எல்லாரும் குனிந்து அவர் காலைப் பார்த்தார்கள். அப்புறம்தான் அந்தப் பெண் விளக்கினாள். அந்த அப்டேட் வந்து, இதென்ன பெயரெல்லாம் கன்னாபின்னாவென்று இருக்கிறதே என்று அதுவாகவே ஒவ்வொரு பாட்டுக்கும் அசல் பெயரைத் தேடிப் போட்டிருக்கிறது, முன்னால் ஒரு விளம்பரத்தையும் சொருகியிருக்கிறது. பாட்டு ஒன்றுகூட வீட்டை விட்டுப் போகவே இல்லை. அப்பா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உள்ள இருந்த நம்ம ஆளுங்களையே கழுத்தைப் பிடிச்சு இறக்கிவிட்டுட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிடுசிடுப்புக்காரி எழுந்து போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உனக்கு வேடிக்கையாகவே எழுதியிருப்பேன். பாட்டு வந்துவிட்டது, பெயர் வரவில்லை, பெயர் இல்லாவிட்டால் அவளுக்குப் பாட்டு இருந்தும் இல்லாத கணக்குத்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பாவை நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினோம். ஒரு நிமிஷம் கேட்பாள், பெயரைச் சொல்வாள், அப்பா தட்டுவார். ஒரு வாரமாக வாயே திறக்காதவள் மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. சோப்பு, வேன், குடை, ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு கேட் பாட்டு வந்தது. அது உனக்குத் தெரியாது, நீ போன பிறகு அப்பா வைத்த பெயர். சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்துக்கு அதைப் போட்டுவிட்டுப் பாப்பா கேட்டுக்கு ஓடுவாள், எனக்கு ஞாபகப்படுத்துறா பாரு, என்ன பொறுப்பு என்று அப்பா பெருமையாகப் பின்னாலேயே போய்ப் பூட்டிவிட்டு வருவார். பூட்டினதும் அவள் கம்பியைப் பிடித்து உலுக்குவாள், அழுவாள். பூட்டுச் சத்தம் பிடிக்கவில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். அப்பா பூட்டுக்கு எண்ணெய் போட்டார், அப்புறம் பூட்டையே மாற்றினார், சத்தம் கேட்கக்கூடாதென்று சங்கிலிக்கு ரப்பர் சுற்றினார். ஒன்றுக்கும் அழுகை நிற்கவில்லை. அன்றைக்கும் அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் அவள் சொல்வதற்கு முன்னாலேயே அவர் கேட் என்று தட்ட ஆரம்பித்துவிட்டார். பாப்பா எழுந்து வந்து அவர் கையைத் தள்ளிவிட்டாள். அண்ணன் என்றாள். அப்பா, இல்லடா கண்ணு, இது கேட் என்றார். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, அண்ணன் வர்ற பாட்டு, அப்பா பூட்டிடுவார் என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, பெரியவனே. அந்தப் பாட்டைத்தானே நீ வேலை முடிந்து வண்டியை நிறுத்திவிட்டு, விசிலடித்துக்கொண்டே கேட்டைத் திறப்பாய். ஒருநாள்கூட எனக்கு அது ஞாபகம் வரவில்லை. நாள் முழுக்க ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்கிறவள் நான், என் வீட்டு வாசலில் தினமும் நடந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ போனதை அவள் உணரவே இல்லை, நல்லவேளை, அவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் தினமும் உன்னை வரவேற்கப் போயிருக்கிறாள், நாங்கள் தினமும் அவள் கண் முன்னால் பூட்டியிருக்கிறோம். அப்பா தட்டியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு அண்ணன் என்று தட்டினார். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டார், கண் சிவந்துதான் திரும்பி வந்தார்.

இப்போதெல்லாம் பாட்டு ஓடும்போது நாங்கள் பூட்டுவதில்லை. கேட்டை விரியத் திறந்து வைத்துவிட்டு, அவளோடு நாங்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறோம். பாட்டு முடிந்ததும் அவள் தெருவை இந்தக் கோடி அந்தக் கோடி பார்த்துவிட்டு, இன்னைக்கு இல்லை என்று சொல்லி, கேட்டைத் தானே சாத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்காருகிறாள். அழுகை இல்லை. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்றும் சொல்லவில்லை, உன் பிழைப்பு எனக்குத் தெரியாதா. உன்னை ஒருத்தி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். லீவு கிடைத்து நீ வரும்போது திடுதிப்பென்று மணியை அடித்துக்கொண்டு வந்து நிற்காதே, தெருமுனையிலிருந்தே விசிலடித்துக்கொண்டு வா.

பார்சலில் இருக்கிற சின்ன டிஸ்க்கில் எல்லாப் பாட்டும் இருக்கிறது, அந்தக் கடைக்காரப் பெண் போட்டுக் கொடுத்தது. நகல் வேறொரு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள், உன் வீட்டை விட்டால் எங்களுக்கு வேறு வீடு ஏது. பத்திரமாக வை, அப்டேட் என்று எது கேட்டாலும் அதன் பக்கம் கொண்டு போகாதே. அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டு அவரைக் கிளறாதே, அவராகச் சொன்னால் புதுசாகக் கேட்பது போல் கேட்டுக்கொள். கழுத்துக்குத் தலையணையை மாற்று, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், அதைத்தான் எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாட்டு முடியப் போகிறது, பாப்பா எழுந்து தெருவைப் பார்க்கிறாள், நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திறந்த கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா