ஆறு பூச்சியம்

இன்று காலை என் மனைவி கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஒன்றில் புழு. "சீ, சொத்தை" என்று தூக்கிப் போட்டாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தேன், மாலை போட்டேன், அழவில்லை. செத்தவனைத் திட்டக் கூடாதாம். திட்டுவதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விவசாய ஆபீசில் வேலை பார்த்தபோது ஆத்தூர்ப் பக்கம் நீயும் நானும் சைக்கிளில் பூச்சிக் கணக்கெடுக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? மருந்தடிப்பது புது மோகமாக இருந்த காலம். வயலுக்கு வயல் நூறு கத்திரிக்காய் பறித்து, எத்தனை சொத்தை என்று எழுத வேண்டும். பத்து வயல் பார்த்தோம். நாலில் புழு கொள்ளை. ஆறில் ஒன்றுகூட இல்லை. அந்த ஆறில் பேச்சியம்மாள் வயலும் ஒன்று. "பூச்சி இல்லேன்னு நல்லா எழுதிக்கங்கய்யா. புழுவைத் திங்கிற குளவி இங்கன அம்புட்டு இருக்கு. மருந்தடிக்க வந்துறப் போறாக" என்று இரண்டு தடவை சொன்னாள். நீ தலையாட்டினாய்.

திண்டுக்கல் ஆபீசில் சராசரி போட உட்கார்ந்ததும் அந்த ஆறு வயலையும் பென்சிலால் அடித்தாய். "பூச்சி இருந்தாத்தானே அப்பு கணக்கு? இது வெறும் பூச்சியம்!" உன் சிலேடைக்கு நீயே சிரித்துக்கொண்டாய். நான் புள்ளியியல் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். இப்படிப்பட்ட சராசரிக்கு விழுக்காட்டைக் கோண அளவாக மாற்றிக் கணக்கிடும் முறை அதில் இருந்தது. பூச்சியத்தைத் தள்ளச் சொல்லவில்லை. ஒரு காயும் சொத்தை இல்லாத வயலில் கால் காய் சொத்தை என்று வைத்துக்கொள்ளச் சொன்னது.

"கால் காய் சொத்தையா? ஏலே, மேல இருக்கவுக சிரிப்பாக. கையெழுத்தைப் போடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

போட்டேன்.

ஆறைத் தள்ளி நாலுக்கு மட்டும் சராசரி போட்டதில் எண் எகிறியது; எண் பெரிதாக இருந்தால்தான் மேலே கவனிப்பார்கள் என்பது உன் எண்ணம். கவனித்தார்கள். உனக்குப் பதவி உயர்வு வந்தது, ஆத்தூருக்கு மருந்து வந்தது. எல்லா வயலிலும் அடித்தார்கள், பேச்சியம்மாள் மறித்து நின்றும் கேட்கவில்லை. குளவிகள் செத்தன. அடுத்த போகத்தில் நான் போனபோது ஒரு காயைப் பிளந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே புழு நெளிந்தது.

"இப்ப எழுதுங்கய்யா. இப்பத்தான் நீங்க எழுதுன கணக்கு சரியா வருது."

உன்னிடம் வந்து சொன்னேன். "ஒரு பொம்பள வயலுக்காடா இம்புட்டுக் கோவம்?" என்றாய், பாவி! அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டேன். சாகும்வரை நீயும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தாளின் நகல் என் பெட்டியில் இருக்கிறது. இன்றும் எடுத்துப் பார்த்தேன். நீ அடித்த ஆறு கோடும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் உன்னை ஒருமுறை திட்டிக்கொண்டே கீழே வந்தால், அங்கே இரண்டு கையெழுத்து. உன்னுடையது கிறுக்கல், யாருடையது என்றே தெரியாது. என்னுடையது நன்றாகத் தெரிகிறது.